செங்கல்லும் சைக்கிளும்

ஞாயிறு காலைகளில் நாவற்குழிக் களஞ்சியத்துக்குப் பின்னால்
ஆளில்லாத றோட்டில் ஒரு செங்கல் வைப்பேன்.
ஐம்பதில் வந்து, கல்லைத் தாண்டும் கணத்தில் பிறேக்.
மேசனிடம் இரவல் வாங்கிய நாடாவால் அளந்து
கடன் ரசீதுப் புத்தகத்தின் பின்மட்டையில் குறிப்பேன்.
ஆவணியில் பதினேழு மீற்றர்.
ஐப்பசி முடியப் பன்னிரண்டரை.

கைதான் எல்லாம் என்று நம்பினேன்.
லீவரைத் தொட்டு,
பாரம் முன்னுக்குச் சாயும்வரை அரை மூச்சுப் பொறுத்து,
பிறகு தேசிக்காய் பிழிவதுபோல் இறுக்கி இறுக்கி
ரயர் முனகத் தொடங்கும் இடத்தில் நிறுத்திப் பிடிப்பது.
அதற்கு மேல் ஒரு நூல் போனாலும் சில்லு கட்டையாகும்.
கட்டையான சில்லுக்குத் திசை தெரியாது.

றெஜினோல்ட் புது மோட்டச்சைக்கிள் எடுத்தான்.
முன் சில்லின் நடுவில் பல்லுப் பல்லாய் ஒரு வளையம்.
"ஏபிஎஸ் அக்கா. மொக்கன் மாதிரிப் பிடிக்கலாம்."
மொக்கன் மாதிரியே பிடித்தான். பதின்மூன்று.
காய்ந்த தாரில் நான் அரை மீற்றர் வென்றேன்.
மணல் சிந்திய வளைவில் அவன் வண்டி
நிற்க மனமில்லாமல் விட்டு விட்டுப் பிடித்து
என்னைவிட இரண்டு மீற்றர் கூட ஓடியது.
அன்றைய பிளேன்ரீ அவன் கணக்கு.
வடையும்.

ஆனால் செங்கல் ஓடாது.
அது அங்கே இருக்குமென்று
வீட்டிலிருந்து புறப்படும்போதே என் விரலுக்குத் தெரியும்.

வல்லை வெளி. கார்த்திகை.
நெல்லியடியில் ஏழு வீட்டுத் தவணை வாங்கி
ஆறரைக்குத் திரும்புகிறேன்.
காற்று ஹெல்மெட்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது,
மழைக்கோட்டின் ஒரு கை கிழிந்து படபடக்கிறது,
மூன்றாம் வீட்டுக்காரி தராத ஆயிரத்தை
மனசுக்குள் கழித்துக்கொண்டு வருகிறேன்.
லைற் இல்லாத ஒரு சைக்கிள்
இருட்டிலிருந்து குறுக்கே விழுந்தது.

பதினொரு ஞாயிறு.
நாலு விரலுக்கும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்தது.
எல்லாம் சேர்ந்து ஒரே பொத்திய கையாகின.

அரை மூச்சு?
எந்த அரை மூச்சு.

விழுந்தது ஞாபகமில்லை. விழுந்து கிடந்தது ஞாபகம்.
காதுக்குப் பக்கத்தில் என்னுடைய சில்லு
எதையும் செய்யாததுபோலச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.
"அடிபட்டதோ அக்கா?"
பதினாறு வயது இருக்கும். அவனுக்கு ஒன்றுமில்லை.
வெள்ளத்தில் மிதந்த ரசீதுகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி
தன் சேட்டில் துடைத்துத் துடைத்துத் தந்தான்.
ஏசலாமென்று வாயைத் திறந்தேன். பல்லுத்தான் அடித்தது.

மறுநாள் றெஜினோல்டோடு போய்ப் பார்த்தேன்.
றோட்டில் என் கையெழுத்து:
ஒரு முழக் கறுப்புக் கோடு,
பிறகு நீளத்துக்குக் கீறல்.
இத்தனை நாள் எழுதிப் பழகி
பரீட்சையில் ஒரு எழுத்து.
அவன் சிரிக்கவில்லை. சாவியைத் தந்தான்.

முழங்கால் கட்டோடு, ஈர றோட்டில், நாற்பதில்,
வேண்டுமென்றே மொக்குத்தனமாக அமத்தினேன்.
லீவர் விரலுக்குள் துடித்தது,
பிடிபட்ட மீன்போல, இல்லை,
உன் பயம் எனக்கு வேண்டாமென்று
யாரோ கையைத் தட்டித் தட்டி விடுவதுபோல.
கொஞ்சம் அவமானம்.
நேராக நின்றேன்.

இப்போது நானும் கடன்காரி.
முப்பத்தாறு மாதம். என் ரசீதை நானே எழுதுகிறேன்.
பல்லு வளையம் என் சில்லிலும் சுற்றுகிறது.
அதற்குச் சைக்கிள் தெரியாது, இருட்டுத் தெரியாது,
ஆயிரம் ரூபாய்க் கவலையில் எழுபதில் வருகிறேனென்றால்
அது ஒரு சொல் சொல்லாது.

நாவற்குழிச் செங்கல்லை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.
வேறொன்று கொண்டுபோய் வைத்தேன்.
வல்லை வெளியில் இப்போது நாற்பது.
இரண்டு விரல் எப்போதும் லீவரில்,
பிடிக்காமல்.